பதினாறாவது பெயர்

காரைக்கால் பதிவு அலுவலகத்துக்கு எதிரே வரிசையாக நாலு பத்திரம் எழுதும் கடைகள் இருந்தன. மூன்றாவது கடையில் மேசை போட்டு உட்கார்ந்திருந்த போலகம் அம்பலவாணன் ஒரு நாளைக்கு இருபது தடவையாவது ஒரே பேச்சைப் பேசுவான். வாயால் சொன்னது காற்றோடு போச்சு, தாளில் எழுதினதுதான் நிற்கும் என்பான். அண்ணன் தம்பிகள் பாகம் பிரிக்க வருவார்கள். நாங்க பேசிக்கிட்டது எங்களுக்குத் தெரியாதா, இதையெல்லாமா எழுதணும் என்று இழுப்பார்கள். இவன் விடமாட்டான். வரப்பு யாருக்கு, தென்னை எத்தனை, வாய்க்காலில் முதல் தண்ணீர் யாருக்கு என்று ஒன்று விடாமல் எழுத வைத்துத்தான் அனுப்புவான். ஊருக்கெல்லாம் இவ்வளவு புத்தி சொன்ன மனுஷன், பதினோரு வருஷமாகத் தன்னைப் பற்றித் தானே பொய் எழுதிக்கொண்டிருந்தான். அதுவும் முத்து முத்தான கையெழுத்தில். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்று சும்மாவா சொன்னார்கள்.

எழுபத்திரண்டு வரைக்கும் அவன் அரசலாறு யூனியன் கிளப்பின் கோல்கீப்பர். பிரெஞ்சு பென்ஷன் வாங்கும் பெரியவர்கள் மைதானத்து ஓரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து அவனைக் 'கார்தியேன்' என்று கூப்பிடுவார்கள். காவல்காரன் என்று அர்த்தம். கோல்கீப்பருக்கு அவர்கள் பாஷையில் அதுதான் பெயர். அந்த வருஷம் திருவாரூரில் ஒரு ஆட்டத்தில் இடது பக்கம் பாய்ந்தவன் கம்பத்தில் மோதி, தோள்பட்டை இறங்கிவிட்டது. மூன்று மாதம் கட்டுப்போட்டுக்கொண்டு கிடந்தான். கட்டைப் பிரித்தபோது இடது கை தலைக்கு மேலே போக மறுத்தது. இருபத்தெட்டு வயதில் ஆட்டம் முடிந்துபோனது.

வேறு ஒருத்தனாக இருந்தால் மைதானம் இருக்கிற தெருப்பக்கமே சைக்கிளைத் திருப்பியிருக்க மாட்டான். இவனுக்கு அது முடியவில்லை. தனக்குப் பிறகு நிற்கப்போகிறவனைத் தானே தயார் பண்ணுகிறேன் என்று இறங்கினான். அந்தக் காலத்தில் கோல்கீப்பருக்கென்று தனியாகச் சொல்லிக்கொடுக்க ஆள் ஏது? உயரமாக இருக்கிறவனை, ஓட முடியாதவனை, இல்லையென்றால் பந்து வாங்கிக் கொடுத்தவருடைய மச்சானைப் பிடித்து இரண்டு கம்பத்துக்கும் நடுவே நிறுத்துவார்கள். பிடித்தால் கை தட்டுவார்கள், விட்டால் அவன் பரம்பரையையே இழுப்பார்கள். அவ்வளவுதான் பயிற்சி.

அம்பலவாணன் பண்ணியது வேறு. வயல் அளக்கிறவர்கள் கயிறு போடுவதைத் தினம் பார்க்கிறவன் இல்லையா, அதிலிருந்து அவனுக்கு ஒரு யோசனை வந்தது. இரண்டு கம்பங்களின் அடியிலும் இரண்டு தேங்காய்நார்க் கயிறுகளைக் கட்டி, பந்து இருக்கிற இடம்வரை இழுத்துக்கொண்டு போய், அங்கே ஒரு முளையடித்து இரண்டு நுனியையும் சேர்த்துக் கட்டுவான். கோல்கீப்பர் கயிறுகளுக்கு நடுவில் நிற்கவேண்டும். கோட்டிலேயே ஒட்டிக்கொண்டு நின்றால் இரண்டு கயிறும் எட்டாது. பந்தைப் பார்த்து முன்னே வர வரக் கயிறுகள் நெருங்கிக்கொண்டே வரும். ஓர் இடத்தில் கையை விரித்தால் இரண்டையும் தொடலாம். அங்க நில்லு, அதான் உன் எடம் என்பான். பிறகு முளையைப் பிடுங்கி வேறு பக்கம் அடிப்பான். பத்து நாள் இப்படி ஆடினால் அப்புறம் கயிறே வேண்டாம், கால் தானாகப் போய் நிற்கும். பாய்ந்து விழக் கோலுக்கு முன்னால் வைக்கோல் பரப்புவான். மழைக்காலத்து ஆட்டத்துக்காகப் பந்தை வாளித் தண்ணீரில் முக்கி முக்கி அடிக்கச் சொல்லுவான்.

அப்படி அவன் கையில் வளர்ந்தவர்களில் ஒருவன் ரயில்வேக்குப் போனான், இன்னொருவன் போலீஸுக்குப் போனான், இரண்டும் ஆட்டக்காரர்களுக்கென்று ஒதுக்கின வேலை. மூன்றாவது பூவம் செல்லையன், இப்போது கிளப்புக்குக் கோல் காக்கிறவன். மற்ற ஊர்க்காரர்கள் காரைக்காலோடு ஆட வந்தால் முதலில் கேட்பதே, உங்களுக்கு மட்டும் எங்கிருந்துய்யா கோல்கீப்பர் கிடைக்கிறான் என்பதுதான்.

இந்தக் கதையில் இன்னொருத்தன் இருக்கிறான். சோமு. கிளப்பின் பழைய சென்டர் பார்வர்டு, பிறகு செயலாளர். இரண்டு பேரும் ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு. சோமுவுக்கு வாய் உண்டு, எழுத்து கிடையாது. அவன் எழுதினால் கோழி கிளறினது போல இருக்கும். அதனால் கிளப்பு சம்பந்தமாக எதுவானாலும் அம்பலவாணன் எழுதுவான், சோமு கையெழுத்துப் போடுவான். ஒருத்தன் கை, ஒருத்தன் வாய் என்று ஊரில் கேலி பண்ணுவார்கள். அது இரண்டு பேருக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

எழுபத்திரண்டில் ஒரு வெளியூர்ப் பந்தயத்துக்குப் பெயர்ப் பட்டியல் அனுப்பவேண்டி வந்தது. ஆட்டக்காரர் பதினாறு, அதற்குமேல் மேனேஜர் ஒருவர், கோச் ஒருவர். அவர்களுக்குத்தான் ரயில் சலுகை, தங்க இடம், சாப்பாடு. மேனேஜர் இடத்தில் சட்டை வாங்கிக் கொடுத்த அரிசி மில்லுக்காரர் பெயரைப் போட்டாக வேண்டும். கோச் இடத்தில் செயலாளர் சோமு பெயர் போனது. அவன் வராவிட்டால் ரெபரியிடம் வாதாட ஆள் கிடையாது. அம்பலவாணனுக்கு இடமில்லை. அவன் போகாவிட்டால் கோல்கீப்பர் ஆட்டத்துக்கு ஆட்டம் யார் முகத்தைப் பார்ப்பான்? சோமுதான் வழி சொன்னான். ஆட்டக்காரன்னு போட்டுக்கடா, பதினாறாவதா ரிசர்வ் கோல்கீப்பர்னு எழுது, தோளு எறங்குனது அவனுங்களுக்கு எப்படித் தெரியும் என்றான். இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அம்பலவாணன் சிரித்துக்கொண்டேதான் எழுதினான்: பதினாறு, போ. அம்பலவாணன், ரிசர்வ் கோல்கீப்பர். கீழே, கோச், கா. சோமசுந்தரம்.

அடுத்த வருஷமும் அதே. அதற்கடுத்த வருஷமும். பழைய தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு புதுத் தாளில் எழுதுவதுதான் வேலை. நாலாவது வருஷமோ என்னமோ, ஒரு தடவை மட்டும் கேட்டான். மில்லுக்காரர் இந்த வருஷம் வரலையாமே, என் பேரைக் கோச்சுன்னு போட்டுட்டு நீ மேனேஜரா வாயேன்டா என்று. சோமு அவன் முதுகில் தட்டி, "தாளுல என்னடா இருக்கு, நீதான் கோச்சுன்னு ஊருக்கே தெரியுமே" என்றான்.

கேட்டீர்களா? எந்தப் பேச்சைத் தன் கடையில் எவன் பேசினாலும் இவன் கடிந்துகொள்வானோ, அதே பேச்சு. சிநேகிதன் வாயிலிருந்து வந்ததும் தலையை ஆட்டிவிட்டு, பதினாறு என்று நம்பர் போட்டான்.

அவன் மனைவி சௌந்தரவல்லி ஏமாறுகிற ஆள் இல்லை. ஒரு நாள் வீட்டில் பட்டியல் எழுதுகிறபோது எட்டிப் பார்த்துவிட்டு, "ஊருக்கெல்லாம் பத்திரம் எழுதுறீங்க, உங்களை ஒரு எடத்துலயாச்சும் உள்ளபடி எழுதிக்கிட்டீங்களா?" என்று கேட்டாள். சோமுவைப் பற்றி உனக்கென்ன தெரியும் என்று அவன் சத்தம் போட்டான். எனக்குத் தெரியாதுதான் என்று சொல்லிவிட்டு அவள் புளி கரைக்கப் போய்விட்டாள்.

எண்பத்து மூன்றில் அந்த அறிவிப்பு வந்தது. காரைக்காலில் அரசாங்கக் கால்பந்துப் பயிற்சி மையம் வருகிறது, கோல்கீப்பர்களுக்கென்று தனியாக ஓர் உதவிப் பயிற்சியாளர் வேண்டும். எஸ்.எஸ்.எல்.சி. தேறியிருக்க வேண்டும், வயது நாற்பதுக்குள், கிளப்பில் ஐந்து வருஷமாவது கோல்கீப்பர்களுக்குப் பயிற்சி கொடுத்த அனுபவம். தேர்வாகிறவரை அரசாங்கமே பாட்டியாலாவுக்கு அனுப்பிச் சான்றிதழ்ப் படிப்புப் படிக்கவைக்கும். அம்பலவாணன் அந்தத் தாளை மூன்று தடவை படித்தான். தன் பெயரை மட்டும் எழுத மறந்துவிட்டார்களோ என்று தோன்றும் அளவுக்கு அது அவனுக்காகவே எழுதின மாதிரி இருந்தது. வருகிற தை பிறந்தால் அவனுக்கு நாற்பது முடிகிறது. இதை விட்டால் அப்புறம் கிடையாது. பாட்டியாலாவில் கொடுக்கிற சான்றிதழைக் கண்ணாடி போட்டு எந்தச் சுவரில் மாட்டுவது என்றுகூட யோசித்துவிட்டான். பத்திரக் கடை நாற்காலியிலிருந்து எழுந்து, காலையும் சாயங்காலமும் கோல் கம்பத்துக்குப் பக்கத்திலேயே நிற்கிற ஒரு பிழைப்பு. அதைவிட அவனுக்கு என்ன வேண்டும்.

அனுபவச் சான்றிதழ் கிளப்பு செயலாளர்தான் கொடுக்கவேண்டும். சோமு ஒரு வார்த்தை மறுக்கவில்லை. நீ மனு போடாம வேற எவன் போடுறது என்று சொல்லி, அம்பலவாணன் எழுதிக்கொண்டு வந்த தாளில் கையெழுத்துப் போட்டு, ரப்பர் ஸ்டாம்பும் குத்தினான். டீ வாங்கிக் கொடுத்தான். பாட்டியாலாவில் குளிருமாம், கம்பளி எடுத்துக்கிட்டுப் போடா என்று அக்கறையாகச் சொல்லவும் சொன்னான்.

தேர்வு நாளன்று காலையில் மைதானத்துக்குப் போனால் அங்கே சோமு நிற்கிறான். புதுக் கேன்வாஸ் ஷூ, கழுத்தில் விசில். அம்பலவாணனுக்கு ஒன்றும் புரியவில்லை. சோமு அவனைத் தனியே கூட்டிப்போய், மூணு பேராவது வராட்டித் தேர்வையே தள்ளி வச்சிடுவாங்களாம், உனக்கு வயசு தாண்டிடும், அதான் தலை எண்ணிக்கைக்கு நானும் ஒரு மனு போட்டேன் என்றான். அம்பலவாணனுக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்காக இவ்வளவு மெனக்கெட்டிருக்கிறான் என்று நினைத்தான். அடப்பாவி மனுஷா. வெறுங்கையோட நின்னா சந்தேகப்படுவாங்கடா, உன் கயிறைக் கொஞ்சம் கொடு என்று சோமு கேட்டபோது, சைக்கிள் கேரியரிலிருந்து அவிழ்த்து இவனே கொடுத்தான்.

மனு போட்டவர்கள் மூன்று பேர். ஒருவர் வெளியூர்க்காரர், பாதியிலேயே மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டார். சோமு கயிறு கட்டினான். பதினோரு வருஷம் ஓரமாக நின்று பார்த்தவனுக்கு அதுகூடத் தெரியாதா? ஆனாலும் முளையை இடம் தப்பி அடித்தான். கோலில் நின்ற செல்லையன்தான் சத்தமில்லாமல் சரியான இடத்துக்கு நகர்ந்துகொண்டான். அப்புறம் அம்பலவாணன் வந்தான். ஒரு கை தூக்க முடியாதவன் கால் மணி நேரம் வேலை வாங்கினதில் செல்லையன் வேர்த்துக் கொட்டினான், ஒரு பந்து உள்ளே போகவில்லை. புதுச்சேரியிலிருந்து வந்திருந்த தேர்வு அதிகாரி தெட்சிணாமூர்த்தி நாற்காலியை விட்டு எழுந்து வந்து கயிறைக் கையில் எடுத்துப் பார்த்தார். இதை எங்க கத்துக்கிட்டீங்க என்று கேட்டார். வயல்லங்க என்றான். அவர் சிரித்தார். செல்லையன் தூரத்திலிருந்து கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினான். முடிந்தது, வேலை கிடைத்துவிட்டது என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள்.

மத்தியானம் ஒரு சின்ன அறையில் நேர்முகம். தெட்சிணாமூர்த்தி நல்ல மனுஷர், ஆனால் தாளை நம்புகிறவர். அம்பலவாணனுடைய சான்றிதழை ஒரு பக்கம் வைத்தார். இன்னொரு பக்கம் ஒரு கட்டுத் தாளை எடுத்து வைத்தார். பதினோரு பெயர்ப் பட்டியல்கள். ஒவ்வொன்றிலும் பச்சை மையில் அதிகாரி ஒப்பம் வாங்கிய நகல். சோமு தன் மனுவோடு இணைத்திருந்தவை.

அதைப் பார்த்ததுமே அம்பலவாணனுக்கு விளங்கிவிட்டது. தலை எண்ணிக்கைக்கு வருகிறவன் பதினோரு வருஷத்துப் பட்டியலையும் தேடிப் பிடித்து, நகல் எடுத்து, ஒவ்வொன்றுக்கும் பச்சை மை வாங்குவானா? ஒரு நாள் வேலையா அது? தனக்குச் சான்றிதழில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தபோதே, டீ வாங்கிக் கொடுத்தபோதே, கம்பளி எடுத்துக்கொண்டு போ என்றபோதே இந்தக் கட்டு அவன் வீட்டில் இருந்திருக்கிறது.

அதிகாரி மரியாதையாகத்தான் கேட்டார். "சான்றிதழ்ல நீங்க பயிற்சியாளர். பட்டியல்ல பதினோரு வருஷமும் ரிசர்வ் கோல்கீப்பர். கோச் வேற ஒருத்தர். ரெண்டும் நிஜமா இருக்க முடியாதுங்களே. இந்தப் பட்டியலை எழுதுனது யாரு?"

"நான்தாங்க சார்" என்றான் அம்பலவாணன்.

பிறகு எல்லாவற்றையும் சொன்னான். இரண்டு பேருக்குத்தான் இடம் என்றது, மில்லுக்காரர், ரயில் சலுகை, பதினாறாவது பெயர், சிரித்துக்கொண்டே எழுதியது. சொல்லச் சொல்லத் தன் கடையில் வந்து இதே மாதிரி உளறுகிறவர்களின் குரல் அவன் காதிலேயே கேட்டது. நாங்க பேசிக்கிட்டதுங்க, எழுதலைங்க. அப்போ பொய்னு தெரிஞ்சேதான் எழுதுனீங்க என்றார் அதிகாரி. ஆமாங்க என்றான். அவர் கொஞ்ச நேரம் பேனாவை உருட்டிக்கொண்டிருந்தார். அவருக்கும் மனசில்லை என்பது தெரிந்தது. கடைசியில் சோமுவை உள்ளே கூப்பிடச் சொன்னார்.

ஒரே கேள்விதான் கேட்டார். "செயலாளர் நீங்க, சான்றிதழ் கொடுத்ததும் நீங்க. உங்க கிளப்புல கோல்கீப்பருங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது யாரு? நீங்களா, இவரா? நீங்க என்ன சொல்றீங்களோ அதை எழுதிக்கிறேன்."

அம்பலவாணன் சோமுவின் முகத்தைப் பார்த்தான். ஒன்றாம் வகுப்பிலிருந்து பார்த்த முகம். பெனால்டிக்கு நிற்கிறவன் அடிக்கப்போகிறவனுடைய கண்ணைத்தான் பார்ப்பான், கண் எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம் பந்து வரும் என்று இவனே எத்தனை பேருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறான். சோமுவின் கண் இவன் பக்கம் வரவேயில்லை. மேசைமேல் இருந்த கட்டின் பக்கம் போனது.

"பட்டியல்ல உள்ளதுதாங்க சார்" என்றான் சோமு. "அம்பலம் நல்ல ஆட்டக்காரன். கூடமாட ஒத்தாசை பண்ணுவான். சான்றிதழ் நான் சிநேகிதனாச்சேன்னு இரக்கப்பட்டுக் கொடுத்தது."

அதிகாரி எழுதிக்கொண்டார்.

வெளியே செல்லையன் காத்துக்கொண்டிருந்தான். அம்பலவாணன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தான். சோமு பின்னாலேயே ஓடி வந்தான். மூன்று பெண்களைப் பெற்றிருக்கிறேன், எனக்கு நிரந்தர வேலை எங்கே இருக்கிறது, நீ பத்திரக் கடையில் உட்கார்ந்து பிழைத்துக்கொள்வாய் என்றெல்லாம் மூச்சு விடாமல் பேசினான். அதையெல்லாம்கூட அம்பலவாணன் பொறுத்துக்கொண்டிருப்பான். பெண்ணைப் பெற்றவன் கஷ்டம் யாருக்கும் தெரிந்ததுதான். கடைசியில் சோமு சைக்கிள் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு சொன்னதுதான் தாங்கவில்லை. "பேருக்குத்தான்டா நான். சொல்லிக்கொடுக்கப் போறது நீதான். எப்பவும்போல சாயங்காலம் வாடா, நமக்குள்ள என்ன இருக்கு." அம்பலவாணன் அவன் விரல்களை ஒவ்வொன்றாக ஹேண்டில்பாரிலிருந்து எடுத்துவிட்டு ஏறிப் போய்விட்டான்.

அன்று சௌந்தரவல்லி, நான் அப்பவே சொன்னேனே என்று சொல்லிக் காட்டவில்லை. நம்ப வச்சுக் கழுத்தறுத்த பாவி, அவன் வெளங்குவானா, அவன் கை வெளங்குமா என்று அடுப்படியில் நின்று மண்ணை வாரித் தூற்றாத குறையாகத் திட்டித் தீர்த்தாள். அவன் தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பேனா பிடித்து நடு விரலில் காய்ப்பு ஏறின கை. அவன் கை விளங்காமல் போகட்டும் என்று அவள் சொல்லும்போதெல்லாம் இவனுக்குத் தன் கையை வெட்டிப் போட்டால் தேவலை என்றிருந்தது. சோமு ஒரே ஒரு பொய்தான் சொன்னான். பதினோரு பொய் எழுதி அவன் கையில் கொடுத்தது யார்? இரண்டு நாள் கடைக்குப் போகவில்லை.

செல்லையன் சும்மா இருக்கவில்லை. ரயில்வேக்காரனுக்கும் போலீஸ்காரனுக்கும் எழுதிப்போட்டு, மூன்று பேருமாகச் சேர்ந்து எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது அம்பலவாணன்தான் என்று புதுச்சேரிக்கு ஒரு மனு அனுப்பினான். அது வீண்போகவில்லை. தேர்வானவர் சோமசுந்தரம், ஆனால் ஆட்சேபணை வந்திருப்பதால், பயிற்சி கொடுத்தது தான்தான் என்று முத்திரைத்தாளில் உறுதிமொழிப் பத்திரம் எழுதி, இரண்டு சாட்சிக் கையெழுத்தோடு கொடுக்கவேண்டும், பொய்யென்று தெரிந்தால் வேலை போகும் என்று சோமுவுக்குக் கடிதம் வந்தது. அதிகாரிக்கு எங்கேயோ உறுத்தியிருக்கிறது. ஆனால் அவரும் இன்னொரு தாளைத்தான் கேட்டார்.

ஐப்பசி மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்த ஒரு முற்பகல். கடையில் கொடைப் பத்திரம் எழுத வந்த நாலைந்து பேர் நனைந்த குடையோடு காத்திருந்தார்கள். சோமு முத்திரைத்தாளைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு உள்ளே வந்தான். பக்கத்தில் மூன்று கடை இருக்கிறது. ஆனால் அவன் ஜென்மத்தில் வேறு யாரிடமும் எதையும் எழுதி வாங்கியது கிடையாது. கால் பழகின வீட்டுக்குத்தானே போகும். இது நாளைக் காலையில் புதுச்சேரியில் இருக்கணும்டா, நீ எழுதுனதைத்தான் எந்த ஆபீசுலயும் திருப்பி அனுப்பமாட்டான் என்று முனகினான்.

வெளியே போ என்று சொல்ல அம்பலவாணனுக்கு வாய் வந்தது. சொல்லவில்லை. அந்த அறையில் சோமு சொன்னதை ஓர் அதிகாரிதான் கேட்டார். இங்கே ஊர் கேட்கும் என்று அவனுக்குத் தோன்றியது. தாளை வாங்கி, மூலையில் கனம் வைத்து, எழுத ஆரம்பித்தான். 1972 முதல் 1983 வரை அரசலாறு யூனியன் கிளப்பில் கோல்கீப்பர்களுக்குப் பயிற்சி கொடுத்தவன் நானே என்றும், மேற்படி பயிற்சியை வேறு எவரும் கொடுக்கவில்லை என்றும், ஒரு புள்ளி விடாமல் எழுதி முடித்தான்.

எழுதினதைக் கையெழுத்துப் போடுகிறவருக்குப் படித்துக் காட்டி, உண்மைதானா என்று மூன்று தடவை கேட்பது அந்தக் கடையின் வழக்கம். நொத்தேர்கள் என்று பத்திரம் பதிகிற அதிகாரிகள் இருந்த பிரெஞ்சுக் காலத்திலிருந்து வருவது. படிக்கவேண்டாம்டா, நீ எழுதுனா சரியாத்தான் இருக்கும் என்று சோமு கையெழுத்துப் போட அவசரப்பட்டான். அம்பலவாணன் தாளைக் கொடுக்கவில்லை. எழுந்து நின்று, வாசல்வரை கேட்கிற மாதிரி முழுதும் படித்தான். காத்திருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். உண்மைதானா என்று கேட்டான். சோமு தலையை ஆட்டினான். தலையாட்டினாப் போதாது, வாயால சொல்லணும் என்றான். உண்மை என்றான் சோமு. இரண்டாம் தடவை கேட்டான், உண்மை. மூன்றாம் தடவை சோமுவின் உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. அதுவே போதும் என்று அம்பலவாணன் பேனாவை நீட்டினான்.

கையெழுத்தைப் போட்டுவிட்டுச் சோமு, "சாட்சிக்கு ஒண்ணு நீயே போட்டுடேன்டா" என்றான். பழக்கதோஷம் அப்படி.

அம்பலவாணன் முதல் தடவையாக அவனை நிமிர்ந்து பார்த்தான். "எழுதுறது என் தொழிலு, எழுதிட்டேன். சாட்சிக்கு நெசம் தெரியாதவங்களாப் பாத்து ரெண்டு பேரைக் கூட்டிக்கிட்டு வா."

சோமு மழையில் இறங்கிப் போனான். அடுத்த கடைக்காரர் பந்தயம் தவறாமல் வருகிறவர், அவனைக் கண்டதும் குனிந்து பெட்டியில் எதையோ தேட ஆரம்பித்துவிட்டார். டீக்கடைக்காரன் போலீஸில் சேர்ந்தவனுடைய சித்தப்பா. எதிரே பதிவு அலுவலகத்துப் பியூன், பயிற்சிக்கு வைக்கோல் ஏற்றிவர வண்டி கொடுத்த ஆள். காத்திருந்தவர்களில் யாராவது என்று திரும்பிப் பார்த்தான். அவர்கள் மழையை வேடிக்கை பார்த்தார்கள். காரைக்காலில் அந்த நெசம் தெரியாத ஆள் ஒருத்தர்கூட அகப்படவில்லை. ஒரு மணி நேரம் கழித்து, பஸ் ஸ்டாண்டிலிருந்து வேதாரண்யத்துக்காரர்கள் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு தொப்பலாக நனைந்து வந்து சேர்ந்தான். ஆஸ்பத்திரியில் உறவுக்காரரைப் பார்க்க வந்தவர்கள், அடுத்த பஸ்ஸுக்கு நேரம் இருந்ததால் வந்தார்களாம்.

அம்பலவாணன் அவர்கள் பெயர், தகப்பனார் பெயர், ஊர் எல்லாம் கேட்டு எழுதி, எங்கே கையெழுத்துப் போடவேண்டும் என்று விரல் வைத்துக் காட்டினான். போட்டார்கள். அதற்குக் கீழே, வழக்கப்படி, எழுதியவர் போலகம் அம்பலவாணன் என்று தன் பெயரையும் எழுதி மை உறிஞ்சும் தாளை வைத்து அழுத்தினான்.

வந்தவர்களில் வயதானவர் கொஞ்சம் பேச்சுக்காரர். சோமுவைப் பார்த்து, நீங்கதான் அந்த கோச்சுங்களா, ரொம்ப சந்தோஷம் என்றார். சோமு தாளை மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டிருந்தான். அவர் விடாமல், எழுதிக் கொடுத்தவருக்கும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போவோம் என்கிற மரியாதையில் இந்தப் பக்கம் திரும்பினார்.

"நீங்களும் பந்து விளையாடுவீங்களா தம்பி?"

"ரிசர்வ் கோல்கீப்பரா இருந்தேங்க" என்று சொல்லிவிட்டு, அம்பலவாணன் கொடைப் பத்திரக்காரர்களை உள்ளே கூப்பிட்டான்.